முதல் புத்தகத்தைத் தாண்டாத பெல்கிஸ் டீச்சர்

பெல்கிஸ் அக்காவைப் பற்றி யாராவது, "அவங்க பொறுமை யாருக்கு வரும்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையாம் பொறுமை! அது அசதி. ஒரு மனுஷி அசந்துபோய் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொறுமையாகத் தெரிகிறது. பக்கத்து அறையில் பத்துப் பதினைந்து வருஷமாகத் தையல் சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரியாதா? இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. என் மெஷின்கள் அத்தனையும் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் இந்தப் பக்கம் கேட்கும்.

"நான் வருகிறேன். நீ வருகிறாய். அவர் வருகிறார். எங்கே, எல்லாரும் சொல்லுங்க."

எல்லாரும் சொல்வார்கள், தப்பாக. அவள் மறுபடி சொல்வாள். அவர்களும் மறுபடி தப்பாகச் சொல்வார்கள். என் தையல்காரப் பெண்களுக்கே அது மனப்பாடமாகி, மெஷின் மிதிக்கிற தாளத்தில், "நான் வருகிறேன், நீ வருகிறாய்" என்று முணுமுணுப்பார்கள். பிறந்ததிலிருந்து துருக்கி பேசுகிற ஜனங்கள்!

எங்கள் மெர்சின் ஊரில் மீன் சந்தைக்குப் பின்னால், மழை பெய்தால் வாசலில் தண்ணீர் கட்டும் பழைய கட்டடத்தில் இருந்தது எங்கள் கல்வி மையம். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்குத் துருக்கி மொழி கற்றுக்கொடுப்பது பெல்கிஸ் அக்காவின் வேலை. முதலில் கல்யாணம் ஆகி வந்த ரஷ்யப் பெண்கள். பிறகு சிரியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக. அப்புறம் ஆப்கான்காரர்கள். யார் வந்தாலும் அவளுக்கு முதல் புத்தகம்தான். இரண்டாம் புத்தகம், மூன்றாம் புத்தகம் எல்லாம் நிரந்தர வேலையில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும். அவள் மணிக்கணக்குச் சம்பளக்காரி. அக்டோபரில், "இது கதவு, இது ஜன்னல்" என்று ஆரம்பித்து, ஜூனில் நடந்து முடிந்ததைச் சொல்லக் கற்றுக்கொடுப்பாள். வாயைத் திறந்து நாலு பேச்சுப் பேசக் கற்றுக்கொண்ட அந்த ஜனம் படியிறங்கிப் போய்விடும். அடுத்த அக்டோபரில் புதுசாக ஒரு கூட்டம், மறுபடியும் அதே கதவு, அதே ஜன்னல். அவளோடு யாருமே சேர்ந்தாற்போலப் பேசிப் பழகும் நிலைக்கு வந்ததில்லை. பேச்சு வந்ததும் ஆள் இருக்காது.

சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரிதான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். நம் பாஷையில் ஒரு சொல்லுக்குப் பின்னால் வாலுக்கு மேல் வாலாக ஒட்டிக்கொண்டே போகலாம் அல்லவா? அதை ரயில் பெட்டிகளாகப் பலகையில் வரைவாள். எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தெ, எங்கள் வீடுகளில். ஒவ்வொரு பெட்டியாகப் பூட்டிக்கொண்டு போவாள். வாலில் வரும் உயிரெழுத்து, முன்னால் நிற்கும் உயிரெழுத்தை அனுசரித்துப் போக வேண்டும்: எவ்வுக்கு லெர், மாஸா என்கிற மேசைக்கு லார். "வாயை எந்தப் பக்கம் திறந்தியோ அந்தப் பக்கமே முடி. பாதியில் மாத்தாதே" என்பாள். விதி அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டால் பாதி மொழி வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

ஒரு தடவை இந்த ரயிலை வரைந்து முடித்துவிட்டு, "எங்கே, எங்கள் வீடுகளில் என்று சொல்லுங்க" என்றாள். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த ஒரு பெண் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மேசை மேல் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. அன்றோடு பெல்கிஸ் அக்கா வீட்டை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். பேனா, பேனாக்கள், எங்கள் பேனாக்கள். "பேனாவுக்காக இதுவரைக்கும் யாரும் அழல, நெஜ்லா" என்று என்னிடம் சொன்னாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். நிரந்தர வேலைக்கான பரீட்சையை இளவயதில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் விண்ணப்பமே போடாமல் விட்டவள் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியபோது தொண்டை போயிற்று. குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். பேச்சை நிறுத்தினால் தானே கரையும், இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டும்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னே?"

"பேசாம இருந்தா எனக்குச் சம்பளம் யார் தருவான்னு கேட்டேன். சிரிச்சார். நல்ல மனுஷன்."

பென்ஷனுக்கு அவளுக்கு ஒரே ஒரு பருவம்தான் பாக்கி. இன்ஷூரன்ஸில் கட்டிய நாட்கள் அந்த ஒரு பருவம் குறைவாக இருந்தன. இந்தக் குளிர்காலத்தை ஓட்டி, கோடை பிறக்கும்வரை வகுப்பு நடந்துவிட்டால் போதும், வீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளலாம். நடுவில் வகுப்பையே மூடிவிட்டால் அடுத்த வருஷம் அவளுக்கு வகுப்பு கிடையாது. புது விதியில் புதுசாக ஏதோ சான்றிதழ் கேட்கிறார்கள், அது அவளிடம் இல்லை. சின்னப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடுவார்கள், அதுதான் விதி. அக்டோபரில் அவளுக்கு இருபதுக்கு மேல் இருந்தார்கள். டிசம்பர் வந்தது, ஆரஞ்சு பழுத்தது. எங்கள் ஊரில் ஆரஞ்சு பழுத்துவிட்டால் கை கால் உள்ளவர்கள் எல்லாரும் பழம் கட்டும் ஷெட்டில்தான் இருப்பார்கள். காலையில் வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. குஃப்ரான் என்று ஒரு சிரியாக்காரி இருந்தாள். மூன்று பிள்ளைகள், புருஷன் இடுப்பொடிந்து படுத்திருந்தான். வகுப்பிலேயே வாயாடி அவள்தான். அவள் வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், நான் நாளைக்கு வரல. அடுத்த நாள் வரல. ஆரஞ்சு செத்துப்போய் நான் வந்தேன்."

"ஆரஞ்சு முடிஞ்சதும் வருவேன்" என்று திருத்தினாள் பெல்கிஸ் அக்கா. "வேலை சுலபமா நடக்கட்டும், போய்ட்டு வா."

குஃப்ரானோடு ஸர்கூனா என்கிற ஆப்கான் பெண்ணும் போனாள். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

ஜனவரியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பெல்கிஸ் அக்கா என் அறைக்கு வந்து இஸ்திரி மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வியாழக்கிழமை மேற்பார்வைக்கு ஆள் வர்றாராம். தலையை எண்ணுவாராம்."

"இப்ப எத்தனை பேர்?"

"அஞ்சு. மழை பெஞ்சா நாலு."

"ஷெட்டுக்குப் போய் ஒரு நாளைக்கு வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாங்களா?"

"வருவாங்க. அதான் கூப்பிடல. ஒரு நாள் போகலேன்னா மறுநாள் அந்த இடத்துல வேற ஆளை நிறுத்திடுவான் மேஸ்திரி. என் பென்ஷனுக்காக அவங்க அடுப்பு அணையணுமா?"

"அப்போ உன் அடுப்பு?"

 தொண்டையைத் தடவிக்கொண்டு மழையைப் பார்த்தாள்.  இத்தனை வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் பேச்சு சொல்லிக்கொடுத்தவள், தனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாளே!

"சரி. என்கிட்ட பொம்பளைங்க நிறைய இருக்காங்க. ஏழு பேரைக் கடனாத் தர்றேன்" என்றேன்.

"எதுக்கு?"

"உன் வகுப்புல உக்கார. துருக்கி தெரியாதவங்களா."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. "ஹூருவுக்குத் துருக்கி தெரியாதா? அவ பேசினா தார்சூஸ் வரைக்கும் கேக்குமே!"

"பேசாம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"வேணாம் நெஜ்லா. அசிங்கம்."

"வேணாம்னா என்ன செய்யப் போறே? சொல்லு, கேட்டுக்கிறேன்."

எழுந்தாள். "என்னமோ செய். உன்கூட மல்லுக்கு நிக்க எனக்குத் தெம்பில்லை" என்றாள்.

புதன்கிழமை என் பெண்களுக்கு ஒத்திகை வைத்தேன். ஹூரு அக்காதான் அவர்களில் மூத்தவள். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து முப்பது வருஷமாகியும் மலைப் பேச்சு மாறாதவள்.

"நான் எந்த ஊருடி?" என்று கேட்டாள்.

"கிர்கிஸ்தான்."

"அது எங்கே இருக்கு?"

"தூரத்துல. யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க."

"அங்கே நல்ல மாப்பிள்ளை கிடைப்பானா? என் கடைசிப் பொண்ணுக்குப் பாக்கணும்."

"அக்கா, வாயைத் திறக்கவே கூடாது. கேட்டா, 'எனக்குத் துருக்கி இல்லை'ன்னு மட்டும் சொல்லு."

"எம் புருஷன் கேட்டா அங்கேயே விழுந்துடுவான். கல்யாணம் ஆன நாளா இவ வாயை மூட முடியலையே, இந்த நெஜ்லா ஒரே நாள்ல மூடிட்டாளேன்னு."

வியாழக்கிழமை அவர் வந்தார். ரிஃபாத் என்று பெயர். ஒல்லியான மனிதர், நனைந்த கோட்டு, பல நாள் மழிக்காத தாடி. குளிர்ந்துபோன கையைத் தேய்த்துக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் நின்றார். முன்வரிசையில் நிஜமான ஐந்து பேர். பின்னால் என் ஏழு பெண்கள், கையை மடியில் கட்டிக்கொண்டு, கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு. தேநீர் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே நுழைந்து ஓரமாக நின்றேன்.

பெல்கிஸ் அக்கா பாடம் நடத்தினாள். "இது பேனா. இவை பேனாக்கள்." குரல் சல்லடையில் மணலைச் சலிப்பதுபோல வந்தது. அவர் முன்வரிசையில் இருந்த ரஷ்யப் பெண் ல்யூத்மிலாவிடம், "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார். "நான் மெர்சினில் இருக்கிறேன். என் கணவர் லாரி ஓட்டுகிறார்" என்று அவள் அச்சடித்ததுபோலச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பின்வரிசைக்கு வந்தார். ஹூரு அக்கா முன்னால் நின்றார்.

"உங்க பேர் என்னம்மா?"

"எனக்கு... துருக்கி... இல்லை" என்றாள் ஹூரு அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முக்காட்டு முனையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்து, பெல்கிஸ் அக்காவின் மேசையருகே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், போன வாரமே வந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க. எங்கம்மா மவுத்தாயிட்டாங்க. ஊர்ல அடக்கம் பண்ணிட்டு இப்பத்தான் வந்தேன்."

பெல்கிஸ் அக்கா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வருவதற்குள் பின்வரிசை மொத்தமும் முந்திக்கொண்டது.

"அல்லா ரஹ்மத் செய்யட்டும்!"

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி, உங்க தலைக்கு ஒரு குறையும் வராம இருக்கணும்!"

"கபுருக்குழி வெளிச்சமா இருக்கட்டும், சொர்க்கத்துல இடம் கிடைக்கட்டும்!"

ஏழு பேரும். ஒருத்தி மிச்சமில்லை. நான் என்ன செய்வேன்? சாவுச் செய்தி காதில் விழுந்தால் அதற்கு உரிய வார்த்தையைச் சொல்லாமல் எங்கள் ஊரில் எவளாலும் இருக்க முடியாது. அது வாயிலிருந்தா வருகிறது? நெஞ்சிலிருந்து தானாக வருகிறது. ஏன், ஓரத்தில் தட்டோடு நின்ற நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

அவரும் அதேபோலத்தான். கையை மார்பில் வைத்து, "நம்ம ஜனங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று பதில் சொன்னார், துக்க வீட்டில் நூறு பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில்.

ஹூரு அக்கா அதோடு விட்டாளா? கண் கலங்கிப்போய், அச்சு அசல் மலைப் பேச்சில், "என்ன வயசு தம்பி? ரொம்ப நாள் படுக்கையில கெடந்தாங்களா?" என்றாள்.

"எண்பத்தொண்ணு அக்கா. படுக்கல. விடியற்காலை சுபுஹு தொழுதுட்டு உக்காந்தாங்க. அப்படியே போய்ட்டாங்க."

"நல்ல சாவு. கொடுத்து வெச்சவங்க. பிள்ளைங்களுக்குப் பாரமில்லாம..."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  முன்வரிசையில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 

அவர் தேநீரை எடுத்து மெதுவாகக் குடித்தார். காலித் தம்ளரைத் தட்டில் வைத்தார். ஹூரு அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"பன்னிரண்டு பேர்" என்றார். "வகுப்பு நல்லா நடக்குது டீச்சர். உடம்பைப் பாத்துக்கோங்க."

எழுந்து போய்விட்டார். கதவு சாத்தியதும் என் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிக்கொண்டார்கள். ஹூரு அக்கா அழுதாள், சிரித்தாள், "அல்லா அந்தப் பிள்ளையைக் கைவிட மாட்டான்" என்றாள். நான் பெல்கிஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

படிக்கட்டுக்கு ஓடினேன். கீழே வாசலில், குடையை விரிக்கப்போனவர் முன்னால் அவள் நின்றிருந்தாள்.

"அஞ்சு பேர் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பின்னால இருந்த ஏழு பேர் தையல் வகுப்பு."

அவர் குடையை மடக்கினார். "தெரியும் டீச்சர். எனக்கு என்ன காது இல்லையா? எழுதியாச்சு. நீங்க மேல போங்க."

"மாத்தி எழுதுங்க."

"ஏன் டீச்சர்? நீங்க சொல்லாம இருந்தா நான் பாத்ததை எழுதினேன்னு போயிருப்பேன். இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீங்க. இதுக்கப்புறம் நான் எப்படி..."

"அவங்க உங்கம்மாவுக்காகச் சொன்னது நெசம் சார். நீங்க கையை நெஞ்சுல வெச்சுப் பதில் சொன்னதும் நெசம். அதுக்குப் பின்னால என் பொய்யை ஒளிச்சு வெக்க என்னால முடியல. அம்மா போய் நாப்பது நாள் கூட ஆகாத மனுஷனை வெச்சு நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தார்.

"இது மூடினா உங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். கொஞ்சம் தள்ளிப் போகும்."

அடிப்பாவி! ஒன்றும் ஆகாதாம்! நான் மேலிருந்து, "சார், அவ பொய் சொல்றா, அவளுக்கு இந்த ஒரு பருவம்தான் பாக்கி" என்று கத்தினேன். அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். காகிதத்தைக் கதவின் மேல் வைத்து, ஒன்றை அடித்து, ஒன்றை எழுதினார். "என்னை மன்னிச்சுடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்காமலேயே மழையில் இறங்கிப் போனார்.

நான் படியிறங்கி ஓடித் தெருவிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று கத்தினேன்.

"உனக்குப் பைத்தியமா? அந்த ஆளே மனசார எழுதிட்டான். யாருக்கு என்ன நஷ்டம்? உன் நேர்மையைக் கொண்டுபோய் எந்த அடுப்புல வெச்சு எரிக்கப் போறே? ஏழு பொம்பளைங்க உனக்காக ரெண்டு மணி நேரம் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. அவங்க முகத்துல கரியைப் பூசிட்டியே!"

"கத்தாதே நெஜ்லா" என்றாள். "என்னால பதிலுக்குக் கத்த முடியாது."

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? சண்டைக்கும் ஆள் வேண்டுமே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மினிபஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். அந்தக் கை ஜில்லிட்டுப்போயிருந்தது.

வாரக் கடைசியில் வகுப்பை மூடினார்கள். கடைசி நாளன்றும் தடுப்புக்கு அப்புறத்திலிருந்து, "இவை யாருடைய பேனாக்கள்? இவை எங்கள் பேனாக்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பாடம் பாதியில் நின்றது. அடுத்த பக்கம் என்ன என்று அந்த ஐந்து பேரில் யாரோ கேட்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, குரல் அவ்வளவு தாழ்ந்துவிட்டது. அந்த அறையில் இப்போது அடுக்கடுக்காகப் பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சத்தமில்லாததால் என் பெண்களுக்கு மெஷினில் தாளம் தப்பிப்போகிறது.

எனக்குக் கோபம் தீரவில்லை. மூன்று வாரம் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஹூரு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். பெல்கிஸ் டீச்சர் பழம் கட்டும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். வகுப்பு மூடிய செய்தி தெரிந்து குஃப்ரான் வீடு தேடிப் போயிருக்கிறாள். மேஸ்திரியிடம் அவளே பேசியிருக்கிறாள். உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே இன்ஷூரன்ஸ் கட்டுகிறார்கள். அந்த நாட்களும் பென்ஷன் கணக்கில் சேரும். குஃப்ரானுக்குக் கட்டுவதில்லை. அவள் எத்தனை வருஷம் நின்றாலும் எந்தக் கணக்கிலும் சேராது. அவள்தான் இவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டி நாலைந்து கட்டிக்கொண்டு மத்தியானம் போனேன். தகரக் கொட்டகை. உள்ளே வெளியைவிடக் குளிர். நீளமாக ஓடும் ரப்பர் பட்டையில் பழம் உருண்டு வர, இரண்டு பக்கமும் பெண்கள் நின்று மெல்லிய காகிதத்தில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெல்கிஸ் அக்கா நடுவில் நின்றாள், தலையில் முக்காடு, கையில் ரப்பர் உறை. ஒரு பக்கம் குஃப்ரான், மறுபக்கம் ஸர்கூனா.

"இல்லை டீச்சர்" என்று குஃப்ரான் அவள் கையிலிருந்து பழத்தை வாங்கினாள். "இப்படி. பார். மறுபடி செய்."

அவள் மறுபடி செய்தாள். தப்பாகச் செய்தாள். குஃப்ரான் மறுபடி பிரித்தாள்.

என்னைப் பார்த்துப் பெல்கிஸ் அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டி, விரலை உதட்டில் வைத்தாள். ஒரு மாசத்துக்குப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நின்று நின்று கால் வீங்கியிருந்தது, செருப்பின் வாரைத் தளர்த்தி விட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் கோபம் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ரொட்டியை அவள் பையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கொட்டகையின் சத்தம் காதில் ஏறியது. சிரியாக்காரியும் ஆப்கான்காரியும் ரஷ்யாக்காரியும் உஸ்பெக்காரியும் பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், கேலி செய்துகொண்டிருந்தார்கள், மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். முதல் புத்தகத் துருக்கி.

"உன் புருஷன் நேத்து வருவான், பெரிய குடிகாரன்!"

"என் புருஷன் அழகு. உன் புருஷன் ஆடு. ஆடுகள்!"

"மேஸ்திரி வருகிறது! பேனாவை மூடு, வாயை மூடு!"

கொட்டகையே சிரித்தது. காலம் தப்பு, வால் தப்பு, எல்லாம் தப்பு. அத்தனையும் புரிந்தது. பெல்கிஸ் அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தப்புக்கும் சத்தமில்லாமல் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள் பாவி, டாக்டர் சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு.

குஃப்ரான் அதைப் பார்த்துவிட்டாள். பழத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"டீச்சர், போதும். நீ நிறைய பேசினாய். இப்போ நீ கேள். நாங்க பேசுவோம்."

பெல்கிஸ் அக்கா தலையாட்டினாள். பட்டையில் பழம் வந்துகொண்டே இருந்தது. அடுத்ததை எடுத்துச் சுற்றினாள். கண்ணில் நிறைந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.